கருத்தாளரா, சட்டாம்பிள்ளையா?

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையில் ஓர் அழகான சொல் புழக்கத்தில் இருக்கிறது: கருத்தாளர். சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்படும் ஆசிரியருக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அவரை ‘ரிசோர்ஸ் பெர்சன்’ என்கிறார்கள், ஏதோ கிடங்கில் அடுக்கி வைத்த சரக்கு மாதிரி. தமிழில் அவர் கருத்து உடையவர். சொல்லை உருவாக்கியவருக்கு நல்ல மனசு. ஆனால் ஒரு கணக்குக் கருத்தாளரின் ஒரு வருஷத்தை எடுத்துப் பாருங்கள். அவரிடம் வருகைப் பதிவேடு கேட்பார்கள். முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். பயிற்சி நடந்ததற்குச் சாட்சியாகப் புகைப்படம் கேட்பார்கள், அதுவும் அன்று சாயங்காலத்துக்குள். கேட்காத ஒரே பொருள் அவருடைய கருத்து.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வேண்டிய ஆசிரியர்களை நாம் தயார்செய்யும் முறை அடியோடு தப்பு. மேலே சொன்னதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க மட்டுமே அவர்களைப் பழக்குகிறோம். கணக்கை ஆழமாகப் பார்க்கவோ, ஒரு குழந்தை கணக்கில் எங்கே, ஏன் இடறுகிறது என்று படிக்கவோ, இன்னொரு ஆசிரியரோடு உட்கார்ந்து அவருடைய வகுப்பைப் பற்றிப் பேசவோ அவர்களுக்கு வாய்ப்பே கொடுப்பதில்லை. பயிற்சி மேல் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் பேயாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இலக்கியம் படிக்க வந்த இடத்தில் இதை எதற்குப் படிக்க வேண்டும் என்று தோன்றலாம். நம் கதைகளிலும் சினிமாவிலும் கணக்கு வாத்தியார் என்றால் பிரம்பும் முறைப்பும்தான். ‘எனக்கு மேத்ஸ் வராது’ என்பதை நம்மில் பாதிப் பேர் ஒரு அடையாள அட்டை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறோம். அந்த அட்டை எங்கே அச்சாகிறது என்று தெரிந்துகொள்வதில் நமக்கும் அக்கறை இருக்க வேண்டும்.

கடைசிப் பந்தியின் ரசம்

பயிற்சி எப்படி நடக்கிறது? மாநில அளவில் ஒரு குழு உட்கார்ந்து ‘கட்டகம்’ தயாரிக்கிறது. அதை மாநிலக் கருத்தாளர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் வட்டார வள மையத்துக்கு. அங்கிருந்து குறுவள மையத்துக்கு. கடைசியாக ஒரு சனிக்கிழமை, பத்துப் பதினைந்து பள்ளி ஆசிரியர்கள் கூடும் ஒரு வகுப்பறைக்கு. நிர்வாகிகள் இதை அருவி மாதிரி என்கிறார்கள், ஆங்கிலச் சொல்லின் பொருளும் அதுதான். எனக்கு இது கல்யாணப் பந்தி ரசம் மாதிரி தெரிகிறது. முதல் பந்திக்கு மிளகும் பூண்டும் மணக்கும். கூட்டம் கூடக்கூடத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடைசிப் பந்தி இலைக்கு வந்து சேர்வது மஞ்சள் நிற வெந்நீர். பரிமாறுகிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர் வாளியில் இருந்ததைத்தான் ஊற்றினார்.

தண்ணீர் ஊற்றும்போது எது முதலில் காணாமல்போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஓர் உதாரணத்தை யோசித்துப் பார்ப்போம். பாடம், சமான பின்னங்கள். மேல் அடுக்கில் நல்ல குழு ஒன்று இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறது: ½-ம் 2/4-ம் சமம் என்றால் எந்தப் பொருளில் சமம்? ஒரு இட்லியை இரண்டாக வெட்டி ஒரு துண்டு எடுப்பதும், நான்காக வெட்டி இரண்டு துண்டு எடுப்பதும் குழந்தைக்கு ஒன்றாகத் தெரியாது, ‘ரெண்டு துண்டு’ கிடைத்தவன் சந்தோஷமாக இருப்பான். அப்படியானால் எதை அளக்கிறோம், எதை எண்ணுகிறோம்? இந்தச் சண்டையில் இருந்து ஒரு காகித மடிப்புச் செயல்பாடு பிறக்கிறது. அடுத்த அடுக்கில் நேரம் குறைவு, சண்டை போய்ச் செயல்பாடு மட்டும் மிஞ்சுகிறது. அதற்கடுத்த அடுக்கில் செயல்பாட்டின் ஸ்லைடு. கடைசி அடுக்கில் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப், எல்லோரும் வண்ணக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு குரூப் போட்டோ. கேள்வி மேலேயே நின்றுவிட்டது, காகிதம் மட்டும் கீழே வந்து சேர்ந்தது.

கைதட்டிப் பாடும் பாட்டு, ஃப்ளாஷ் கார்டு, ஸ்லைடு எல்லாம் பையில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய சாமான்கள். ஒரு கணக்கின் பின்னால் இருக்கும் ‘ஏன்’ அப்படிப் பைக்குள் அடங்காது. அதை ஒவ்வொரு ஆளும் தானே ஒருமுறை யோசித்துத்தான் அடைய வேண்டும். அதற்கு நேரம் ஆகும். நேரத்தைத்தான் நாம் அடுக்குக்கு அடுக்கு வெட்டிக்கொண்டே வருகிறோம்.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை வயதால் பிரிக்காமல் கற்றல் நிலையால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு எண்களே மறந்துபோய் வந்த பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கருவி செய்யும் வேலை கிடையாது, ஆசிரியரின் காதும் கண்ணும் செய்கிற வேலை. அந்தக் காதையும் கண்ணையும் பழக்குகிற ஆள் கருத்தாளர். அவரை யார் பழக்கினார்கள்?

எழும்பூரில் பிறந்த யோசனை

இந்த அடுக்கு முறை வெளிநாட்டு நிபுணர்கள் கொண்டுவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதன் ஒரு வேர் நம்ம மெட்ராஸிலேயே இருக்கிறது. 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டார். கூடவே இன்னொரு வேலையும் செய்தார்: கொஞ்சம் தெரிந்த பையனைத் தெரியாத பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தானே, அதே ஏற்பாடு. 1797-ல் லண்டனில் இதை அறிக்கையாகப் போட்டார். இங்கிலாந்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல்லின் பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

மெட்ராஸ் முறையின் பெரிய கவர்ச்சி, செலவு குறைவு. ஒரே ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், நடுவில் சம்பளம் இல்லாத சட்டாம்பிள்ளைகள். வாய்ப்பாடு, எழுத்து, மனப்பாடம் மாதிரி அப்படியே ஒப்பிக்கக்கூடிய விஷயங்களுக்கு அது ஓடும். சட்டாம்பிள்ளை ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. ‘சொல்லு, திருப்பிச் சொல்லு’ போதும்.

இன்றைய கருத்தாளர் முறை அந்தச் சட்டாம்பிள்ளை முறையின் பேரப்பிள்ளை. சட்டாம்பிள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு, நமக்குத் தெரியும். யார் வந்தான், யார் வரவில்லை, யார் பேசினான் என்று பெயர் எழுதி வாத்தியாரிடம் கொடுப்பான். இப்போது அதற்குச் செயலி வந்துவிட்டது. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களிடம் பேசிப் பாருங்கள். ‘எமிஸ்’ தகவல் சரிபார்ப்பு, பதிவேற்றம், கணக்கெடுப்பு என்றே நாள் போகிறது என்பார்கள். வகுப்புக்குள் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதவியின் பெயர் பயிற்றுநர், வேலை பெயர் எழுதுவது.

ஒன்றே முக்கால் லிட்டர் பால்

சரி, ஒரு கணக்குக் கருத்தாளருக்கு என்னதான் தெரிந்திருக்க வேண்டும்? ‘கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்’ என்பீர்கள். எந்தக் கணக்கு?

1¾ ÷ ½ எவ்வளவு? பள்ளிக்கூட ஞாபகம் இருப்பவர்கள் தலைகீழாக்கிப் பெருக்கி 3½ என்று சொல்லிவிடுவீர்கள். இப்போது அடுத்த கேள்வி. இந்த வகுத்தல் வருகிற மாதிரி ஒரு சின்னக் கதை சொல்லுங்கள். யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

சீனாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு அமெரிக்காவில் ஆய்வு செய்த லிப்பிங் மா, இதே கேள்விக்கு இரு நாட்டு ஆசிரியர்களும் சொன்ன பதில்களை ஒப்பிட்டார். 1999-ல் அது புத்தகமாக வந்தது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர். விடையையே சரியாகப் போட்டு முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. கதை என்று வந்தபோது கருத்தளவில் சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் ½-ஆல் வகுப்பதையும் 2-ஆல் வகுப்பதையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். ஒன்றே முக்கால் பீட்சாவை இரண்டு பேருக்குப் பிரித்தால் என்று ஆரம்பித்தால், அது 2-ஆல் வகுத்தல். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அவர்களில் 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள்.

நம்ம ஊர்க் கதை இப்படி இருக்கலாம். ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது. அரை லிட்டர் பாக்கெட்டில் அடைத்தால் எத்தனை பாக்கெட்? மூன்று பாக்கெட் நிரம்பும். மிச்சம் கால் லிட்டர். இங்கேதான் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்கும்: “டீச்சர், மிச்சம் கால் லிட்டருதானே? அப்ப மூணே கால்னுதானே வரணும், ஏன் மூணரைன்னு வருது?”

நல்ல கேள்வி. மிச்சம் இருப்பது கால் லிட்டர்தான், ஆனால் அது அரைப் பாக்கெட். விடையில் இருக்கும் ½ லிட்டரைச் சொல்லவில்லை, பாக்கெட்டைச் சொல்கிறது. வகுக்கும்போது அளவுகோலே மாறிவிடுகிறது. இதை அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் பிடிக்கத் தெரிந்த டீச்சரின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பின்னம் திறந்துகொள்கிறது. தெரியாத டீச்சர் “தலைகீழாக்கிப் பெருக்கு, கேள்வி கேக்காத” என்பார். அவர் கெட்டவர் என்று அர்த்தம் இல்லை. அவரிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

லிப்பிங் மா சொன்னதில் நமக்கு மிக முக்கியமான செய்தி வேறு. அந்தச் சீன ஆசிரியர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. ஒன்பது வருஷப் பள்ளி, பிறகு இரண்டு மூன்று வருஷ ஆசிரியர் பயிற்சி, அவ்வளவுதான். அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். வித்தியாசம் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தது. சீனப் பள்ளிகளில் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து பாடநூலைப் படிப்பார்கள், ஒரு கணக்கைப் பல வழியில் போடுவார்கள், ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பார்கள். அது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. கற்பிப்பதற்கான கணக்கறிவு கல்லூரிச் சான்றிதழோடு வந்துவிடுவதில்லை, சக ஆசிரியர்களோடு சேர்ந்து வருஷக்கணக்கில் விளைகிறது. அப்படியானால் அந்தக் குழுவை நடத்தத் தெரிந்த ஆள்தான் நமக்குத் தேவைப்படுகிற கருத்தாளர்.

எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., எல்லாம் முடித்தவரைக் கருத்தாளர் ஆக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வகையீட்டுச் சமன்பாடு தெரிந்தவருக்கு அந்தப் பால் பாக்கெட் கேள்வி பிடிபடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

தப்பு விடையை வாசிப்பது

அடுத்து, 503 − 278. ஒரு பிள்ளை 375 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். அல்லது ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். 8-ல் 3 போனால் 5. 7-ல் 0 போனால் 7. 5-ல் 2 போனால் 3. அந்தப் பிள்ளைக்கு ஒரு விதி இருக்கிறது: எப்போதும் பெரிய எண்ணில் இருந்து சின்ன எண்ணைக் கழி. விதி தப்பு, ஆனால் பிள்ளை விதிப்படி நடந்திருக்கிறது, ஒரு இடத்திலும் பிசகவில்லை. அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தால் தப்பு நம்முடையது.

அந்த விதியை யார் கொடுத்தது? ஒன்றாம் வகுப்பில் நாமேதான். “சின்னதுல இருந்து பெருசு போகாது” என்று சொல்லித்தந்தோம். பிறகு “பக்கத்து வீட்ல கடன் வாங்கு” என்றோம். 503-ல் பக்கத்து வீட்டில் பூஜ்யம். கடன் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த தெருவுக்குப் போய் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்து, அவரிடம் இருந்து நாம் வாங்க வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் போவதில்லை. அந்தக் கதை ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்தாக்கும் செயலை மறைத்துவிடுகிறது.

பக்கத்துப் பெஞ்சில் இன்னொரு பிள்ளை. 278-ல் இருந்து 280-க்கு 2. அங்கிருந்து 300-க்கு 20. அங்கிருந்து 503-க்கு 203. மொத்தம் 225. விடை சரி. பெட்டிக்கடை அண்ணாச்சி மிச்சச் சில்லறை எண்ணிக் கொடுக்கிற முறை இது. ‘முறைப்படி போடவில்லை’ என்று இதற்கும் சிவப்பு மை விழுவது உண்டு.

கவிதைப் பட்டறைக்குப் போனவர்களுக்கு இது புரியும். ஒரு நல்ல ஆசிரியர் கையில் மோசமான கவிதையைக் கொடுத்தால் அவர் ‘நன்று, தீது’ என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த வரியில் நீ என்ன செய்யப் பார்த்தாய், எங்கே கை நழுவியது என்று வாசித்துக் காட்டுவார். பிள்ளையின் நோட்டும் ஒரு பிரதிதான். தப்பு விடையை வாசிப்பதற்குப் பயிற்சி தேவை. ஸ்லைடு பார்த்துக் கவிதையைத் திருத்தக் கற்றுக்கொள்ள முடியாது என்று நமக்குத் தெரியும். பிறகு எப்படி ஸ்லைடு பார்த்து நோட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்?

நேத்து வந்த பையன்

மூன்றாவது விஷயம்தான் ரொம்பச் சிக்கலானது. இதைப் பற்றி நம் பயிற்சிகளில் பேச்சே கிடையாது. கருத்தாளருக்கு முன்னால் இருப்பது குழந்தை கிடையாது. இருபத்தைந்து வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒரு டீச்சர். வந்திருக்கும் கருத்தாளருக்கு முப்பத்திரண்டு வயது. அந்த டீச்சர் மனசுக்குள் ஓடுவது என்ன என்று ஊகிக்கக் கஷ்டம் இல்லை: “நேத்து வந்த பையன், எனக்குச் சொல்லித்தர வந்துட்டான்.” கருத்தாளருக்கும் அது தெரியும். அதனால் அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். கையில் இருக்கும் படிவத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு அதிகாரியாகிவிடுவார். இல்லை என்றால், “கிளாஸ் நல்லாருந்துச்சு டீச்சர், டிஎல்எம் மட்டும் இன்னும் கொஞ்சம் யூஸ் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடித்துக் கிளம்பிவிடுவார்.

இதே இடத்தில் அவர் இப்படிக் கேட்டிருக்கலாம். “டீச்சர், மூணாவது பெஞ்சுல அந்தப் பொண்ணு 375-ன்னு போட்டிருந்தா, பாத்தீங்களா? எப்படி யோசிச்சிருப்பான்னு நினைக்கிறீங்க?” இந்தக் கேள்வியில் தீர்ப்பு இல்லை. இரண்டு பேரும் மேஜையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டைப் பார்க்கிறார்கள். டீச்சருக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கருத்தாளரைவிட நிறையத் தெரியும். சொல்ல ஆரம்பிப்பார். பேச்சு அங்கிருந்து கணக்குக்குள் போகும்.

இப்படிக் கேட்பது ஒரு திறமை. பிறவிக் குணம் இல்லை, பழகி வருவது. வகுப்பைப் பார்க்கும்போது எங்கே பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது, முதல் வாக்கியம் என்ன, டீச்சர் கோபப்பட்டால் என்ன செய்வது, அவரே தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை எப்போது, எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றும் ஒத்திகை பார்க்க வேண்டியவை. நல்ல கணக்கு டீச்சர் தானாகவே நல்ல வழிகாட்டி ஆகிவிடுவார் என்பது நம் பெரிய மூடநம்பிக்கை. பிள்ளைகளுக்கு அற்புதமாகச் சொல்லித்தருகிறவர் நாற்பது பெரியவர்களுக்கு முன்னால் மைக்கைப் பிடித்ததும் ஸ்லைடு வாசிக்கிறவராக மாறுவதை யாரும் பார்க்காமல் இல்லை. ஒரு நல்ல ஆசிரியரை வகுப்பில் இருந்து பிடுங்கி, மோசமான பேச்சாளர் ஒருவரை உருவாக்கிக்கொள்கிறோம்.

நடக்காத காரியமா?

‘இதெல்லாம் புத்தகத்துல நல்லாருக்கும்’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அரசுப் பள்ளிகளுக்குள் புகுந்து வேலை செய்தன. 1978-ல் மாவட்டம் முழுவதற்கும் போனது. 1982-ல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி அதைத் தொடர்ந்து நடத்தியது. பாடம் அறிவியல்தான், கணக்கு இல்லை. ஆனால் ஆசிரியர்களைத் தயார்செய்த விதத்தைப் பாருங்கள். விடுமுறையில் வாரக்கணக்கில் நடந்த பயிற்சியில் பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் தாங்களே செய்தார்கள், தோற்றார்கள், வாதாடினார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கிராமத்து வாத்தியார்களும் ஒரே பெஞ்சில். பிறகு மாதாமாதம் கூட்டம், அந்த மாதம் வகுப்பில் என்ன உடைந்தது என்று பேச. பள்ளிக்கே போய்ப் பார்க்கும் தொடர்பணி. இப்படிப் பழகிய அரசுப் பள்ளி ஆசிரியர்களே அடுத்த சுற்றுக்குக் கருத்தாளர்கள் ஆனார்கள். முப்பது வருஷம் நடந்தது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தியது. அரசின் ஓர் ஆணையால் நின்றதே தவிர, வாத்தியார்களால் முடியாமல் நின்றதில்லை.

ஜப்பான் ஆசிரியர்கள் செய்கிற ‘பாட ஆய்வு’ இன்னொரு உதாரணம். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள், டீச்சரை இல்லை. பிறகு உட்கார்ந்து பேசுவார்கள்: எந்தப் பிள்ளை எந்தக் கேள்வியில் நின்றது? பாடம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் விமர்சனம் ஆள் மேல் விழாது.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965-ல் தொடங்கியது. முத்தியால்பேட்டைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் பி.கே. சீனிவாசன் ராமானுஜனின் கடிதங்களையும் அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தொகுத்தார், 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்தார். எந்தச் சுற்றறிக்கையும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. கணக்கின் மேல் இருந்த காதலில் செய்தார். அப்படிப்பட்டவர்கள் இன்றும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் தனியாள் அதிசயமாகவே செத்துப்போகிறார்கள் என்பதுதான் அமைப்பின் தோல்வி.

எதிர்ப்பேச்சுகள்

முதல் எதிர்ப்பு, எண்ணிக்கை. 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கும் மாநிலத்தில் எல்லோரையும் இப்படி உட்கார வைத்துப் பேச முடியுமா? எல்லோரையும் ஒரே மாதத்தில் சென்றடைய வேண்டும் என்ற அவசரம்தான் யாரையும் சென்றடையாமல் செய்கிறது. வட்டாரத்துக்கு நான்கு பேர் போதும். அவர்களை இரண்டு வருஷம் ஒழுங்காகத் தயார்செய்யுங்கள். அவர்கள் பத்துப் பத்துப் பேரோடு உட்காரட்டும். மெதுவாகப் போகும், ஆனால் கடைசிப் பந்திக்கும் மிளகு வாசனை வரும்.

இரண்டாவது, அளவீடு. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியருக்கும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் வளர்ச்சிக்கு வாய்ப்பு வேண்டும் என்கிறது. டெல்லியோடு ஆயிரம் சண்டை போடுகிற நம் மாநிலத்திலும் பயிற்சி என்றால் நாள் கணக்கு, மணிக் கணக்குதான். மணியை எண்ணலாம், சுலபம். அந்த மணி நேரத்தில் ஒருவராவது ஒரு கணக்கைப் புதிதாகப் பார்த்தாரா என்று எண்ணுவது கஷ்டம். எண்ணச் சுலபமானதை எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்பது, விளக்கு வெளிச்சம் இருக்கிற இடத்தில் சாவியைத் தேடுவது மாதிரி.

மூன்றாவது, காபிக் கடையில் கேட்பது: “வாத்தியாருங்க சோம்பேறிங்க சார், என்ன பண்ணாலும் மாற மாட்டாங்க.” பயிற்சி அறையின் கடைசி வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரைக் காட்டி இதைச் சொல்வார்கள். எனக்கு அவர் மேல் கோபம் வருவதில்லை. தன்னிடம் ஒன்றும் கேட்காத கூட்டத்தில், தனக்குத் தெரிந்ததையே தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார வைத்தால், புத்தியுள்ள எந்த மனிதரும் ஃபோனைத்தான் எடுப்பார். அதே ஆளிடம் இருபது பிள்ளைகளின் நோட்டைக் கொடுத்து, ‘இதில் ஒரே மாதிரி தப்பு செய்தவர்களைப் பிரியுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்.

என்ன வேண்டும்

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கணக்குக் கருத்தாளர் வாரத்தில் இரண்டு நாளாவது சொந்த வகுப்பில் பாடம் நடத்த வேண்டும். சமையலை விட்டவர் ருசி சொல்லக் கூடாது. அவருக்கான பயிற்சி ஒரு வருஷம் முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றி வரட்டும், பின்னம் என்றால் பின்னம் மட்டும். மாதத்தில் ஒரு நாள் கருத்தாளர்கள் கூடட்டும். காலையில் ஒரு கணக்கை அவர்களே போடட்டும், வேறு வேறு வழியில். மத்தியானம் தங்கள் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளைப் பரப்பி வைத்துப் படிக்கட்டும். அடுத்த மாதம் வரை இரண்டு சக ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்காரட்டும், கையில் படிவமோ செயலியோ இல்லாமல். அங்கே நடந்த பேச்சைக் கூட்டத்தில் கொண்டுவந்து, எங்கே சரியாகப் போனது, எங்கே முறிந்தது என்று பேசட்டும். எமிஸ் வேலையில் இருந்து அவரை எழுத்துபூர்வமாக விடுவியுங்கள். அவர் பார்த்த வகுப்பைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு வரிகூட அறிக்கை போகக் கூடாது. போனால் அடுத்த முறை எந்த டீச்சரும் உண்மையான வகுப்பைக் காட்ட மாட்டார், ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் காட்டுவார்.

கட்டகம் எழுதும் மேல் குழுவிலும் இந்தக் கருத்தாளர்கள் உட்கார வேண்டும். கீழே உடைந்தது மேலே தெரிய வேண்டும். இப்போது தகவல் மேலே போகிறது, கணக்கு போவதில்லை.

இதற்கெல்லாம் புதுக் கட்டடம் தேவையில்லை. வட்டார வள மையம் இருக்கிறது, குறுவள மையம் இருக்கிறது, மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, சனிக்கிழமையும் இருக்கிறது. கணக்கை நேசிக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அடுத்த பயிற்சிச் சுற்றறிக்கை வரும்போது அதில் மூன்றே கேள்விகளைத் தேடிப் பாருங்கள்: இந்தப் பயிற்சியில் கருத்தாளர் எந்தக் கணக்கைப் போடப் போகிறார்? எந்தப் பிள்ளையின் நோட்டைப் படிக்கப் போகிறார்? எந்த ஆசிரியரோடு பேசப் பழகப் போகிறார்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது பயிற்சி இல்லை, வருகைப் பதிவு. உங்கள் வீட்டில், தெருவில், நட்பு வட்டத்தில் ஓர் ஆசிரியர் கட்டாயம் இருப்பார். அவரிடம் இந்தக் கேள்விகளைக் கொடுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கச் சொல்லுங்கள். கருத்தாளரும் உள்ளுக்குள் அதே கேள்வியோடுதான் நின்றுகொண்டிருப்பார்.